ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஜனவரி 11, வியாழன்

இந்த டைரி க்ரீம் கம்பெனி ஏஜென்ட் புத்தாண்டுக்குக் கொடுத்தது. மணப்பெண் அலங்காரத்துக்கு முன்பதிவு செய்கிறவர்களின் பெயரை எழுதத்தான் பார்லரில் வைத்திருந்தேன். இன்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியாததை எங்கேயாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் பேங்க் அம்மாவுக்குப் புருவம் எடுத்தேன். நூலைப் பல்லில் கடித்து இரண்டு கையிலும் சுற்றி இழுக்கிறபோது வலது நடுவிரல் விட்டுவிட்டது. நூல் இமையோரத்தில் கீறி ஒரு பொட்டு ரத்தம். "பரவால்லீங்க வாணி" என்றார். எனக்குத்தான் காது சுட்டது. என்னோடு வேலை செய்கிற பரிமளா பஞ்சை எடுத்து வந்து ஒத்திவிட்டு, மீதிப் புருவத்தை அவளே முடித்தாள். என் கையைப் பார்த்தாள்.

இரண்டு மாதமாகக் காலையில் விரல்கள் மடங்குவதில்லை. எழுந்து வெகுநேரம் கழித்துத்தான் சீப்பைப் பிடிக்க முடிகிறது. நேற்று கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர் கூட்டிப்போனார். மூட்டு ஓ.பி.யில் டாக்டர் ரெஜினா. என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். இரண்டு கையையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரல் முட்டியையும் தன் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். முடக்குவாதம்.

பார்லர் வைத்திருக்கிறவளுக்கு இப்படி ஒரு பெயரில் நோய் வருமா? வேறு பெயர் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, அதுவே பெரிய விஷயம்" என்றார் டாக்டர். "எக்ஸ்ரேல எலும்பு சுத்தமா இருக்கு. ஆறு மாசத்துக்குள்ள ஒரு மூட்டுலகூட வீக்கம் இருக்கக் கூடாது, ரத்தப் பரிசோதனையும் அடங்கியிருக்கணும். அதுதான் நம்ம இலக்கு. வலி குறைஞ்சா போதும்னு நின்னுடாதீங்க. வலி இல்லாமலே உள்ளுக்குள்ள எலும்பை அரிச்சிட்டு இருக்கும்."

"அப்புறம் கை பழையபடி ஆயிருங்களா?"

"இப்பவே அடக்கிட்டா பத்து வருஷம் கழிச்சும் நீங்க இதே கையாலதான் நூல் பிடிப்பீங்க. விட்டுட்டா, அரிச்சது அரிச்சதுதான். அதைத் திருப்பித் தர்றதுக்கு மருந்து கிடையாது."

மஞ்சள் மாத்திரை, வாரத்தில் ஒரு நாள் மட்டும். மறுநாள் அதற்குத் துணையாக வேறொன்று. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்று முடிவு செய்தோம். பஸ்ஸில் வரும்போது அவர், "நானே எடுத்துத் தர்றேன், நீ ஒண்ணும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்" என்றார். மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். ஞாயிறு மதியம்வரை கடை உண்டு. அன்றைக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொன்னார்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

முதல் மாத்திரை. அவர் உள்ளங்கையில் வைத்து நீட்டினார், கூடவே எலுமிச்சைச் சாறு. குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

ஜனவரி 22, திங்கள்

நாளெல்லாம் குமட்டல். ஃபேஷியல் க்ரீம் வாசனையே ஆகவில்லை. இரண்டு தடவை பின்பக்கம் ஓடினேன். ஒரு கஸ்டமர், "விசேஷமாங்க்கா?" என்றாள். சிரித்து வைத்தேன். முப்பத்தொன்பது வயதில்!

பிப்ரவரி 14, புதன்

ஓ.பி. நாள். அவருக்குக் கடையில் வேலை, தனியாகப் போனேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இலக்கியா. தர்மபுரிப் பக்கம் ஊர். பல்லடத்தில் பனியன் கம்பெனியில் டெய்லர். இருபத்து நாலு வயது. அவளுக்கும் இதே நோய், இதே மஞ்சள் மாத்திரை. எனக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்திருக்கிறாள். அவள் விரல்கள் என்னுடையதைவிட மோசம், முட்டிகள் எல்லாம் பன்னீர் திராட்சை மாதிரி.

"மாத்திரை போட்ட மறுநாள் எனக்கும் வாந்திதான்க்கா" என்றாள். "கம்பெனில பிளாஸ்டிக் கவர் வெச்சுக்கிட்டே மிஷின்ல உக்காருவேன். ஒரு வாரம்கூட விட்டதில்ல."

திரும்பும்போது சிங்காநல்லூரில் இருவரும் ஒரே பல்லடம் பஸ்ஸில் ஏறினோம். நான் சூலூரில் இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தாள். நான் என்ன வேலை என்று கேட்டாள். பார்லர் என்றதும் அவள் கண் என் கைக்குப் போனது. கையைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர், கொஞ்சம் குறைந்திருக்கிறது, இந்த மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மார்ச் 1, வெள்ளி

தலை சீவினால் சீப்பு நிறைய முடி வருகிறது. மாத்திரையால் சிலருக்குக் கொஞ்சம் கொட்டும், பிறகு நின்றுவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முடி கொட்டுவதற்கு எண்ணெய் கேட்டு வந்த ஒருத்தி என் வகிட்டைப் பார்த்துவிட்டு, எண்ணெய் வாங்காமல் போனாள்.

மார்ச் 3, ஞாயிறு

அவர் கொடுத்தார். தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 8, வெள்ளி

மண்டபத்தில் ஒரு கல்யாணம். பட்டுப்புடவை மடிப்பு எடுத்துப் பின் குத்த வேண்டும். பின்னைத் திறக்க என்னால் முடியவில்லை. மறுபடியும் மறுபடியும். பொண்ணு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், முகூர்த்தத்துக்கு நேரமாகிறது. பரிமளா என்னை மெல்ல ஒதுக்கிவிட்டுத் தானே குத்தினாள். பொண்ணோட அம்மா, "கைக்கு என்னாச்சுங்க?" என்றார்.

"கார் கதவுல நசுங்கிப்போச்சுங்க."

எங்களிடம் கார் கிடையாது. அது அவர்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஜாக்கெட் ஊக்கைக் கழற்ற முடியாமல் மகளைக் கூப்பிட்டேன். பத்தாவது படிக்கிறாள். முதுகுப் பக்கம் நின்று கழற்றிவிட்டுப் படிக்கப் போனாள். அவள் ஏதாவது கேட்டிருக்கலாம்.

மார்ச் 11, திங்கள்

பக்கத்து ஊர் டாக்டரிடம் போனேன். பெயர் வேண்டாம். மூட்டுவலிக்கு அங்கே போனால் அன்றைக்கே எழுந்து நடக்கலாம் என்று பார்லரில் ஒருத்தி சொன்னாள். ஒரு ஊசி, சின்ன வெள்ளை மாத்திரை ஒரு பொட்டலம். இது என்ன மருந்து என்று கேட்டதற்கு, "வலி போகோணுமா, வேண்டாமா?" என்றார். போகோணுங்க என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

காலையில் விரல்கள் மடங்கின! எழுந்து உட்கார்ந்து திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுதுவிட்டேன்.

மார்ச் 13, புதன்

டாக்டர் ரெஜினா என் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சிரித்தார். "நல்ல முன்னேற்றம். மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேங்க."

அவ்வளவு சுலபமாக வந்தது.

வெளியே இலக்கியா உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலைந்து கிடந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லையாம், மூன்று நாளாகப் பின்னவே இல்லை என்றாள். திரும்பி உட்காரச் சொல்லி நான் பின்னிவிட்டேன். சிக்கெடுத்து, வகிடு பிரித்து, ஒரு மயிர் பிசகாமல். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். என் கை என் கையாகவே இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"அக்கா, உங்க கை எவ்ளோ நல்லாயிருச்சு!" என்றாள். "நாம ஒரே மாத்திரைதானேக்கா போடறோம்?"

"அதேதான்."

"எனக்கு மட்டும் ஏன்க்கா கேக்க மாட்டேங்குது?"

"கேக்கும், பொறு" என்றேன்.

மார்ச் 31, ஞாயிறு

அவர் கொடுத்தார். தண்ணீர் குடித்தேன். குமட்டல் இல்லை. "உடம்புக்குப் பழகிருச்சு பாத்தியா" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஏப்ரல் 5, வெள்ளி

கல்யாண வேலை நிறைய. எல்லாவற்றையும் நானே செய்கிறேன். முகம் கொஞ்சம் உப்பி, கன்னம் பளபளவென்று இருக்கிறது. "நீங்க என்ன ஃபேஷியல் பண்றீங்களோ அதையே எனக்கும் பண்ணுங்க" என்று கேட்கிறார்கள். பண்ணுகிறேன். மேலுதட்டில் பூனை முடி அதிகமாக வருகிறது, கடை சாத்திய பிறகு எடுத்துவிடுகிறேன்.

பரிமளா மட்டும், "அக்கா, மூஞ்சி வேற மாதிரி ஆகுதுங்க" என்றாள். உன் வேலையைப் பார் என்று சொன்னேன். அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

ஏப்ரல் 10, புதன்

ரத்தப் பரிசோதனையில் வெள்ளை மாத்திரை தெரிந்துவிடுமோ என்று பயந்து வெள்ளிக்கிழமையோடு நிறுத்தியிருந்தேன். இன்று காலை டம்ளர் கையில் நிற்கவில்லை. பஸ் கம்பியைப் பிடிக்க முடியாமல், அடுத்தவர்மேல் சாய்ந்துகொண்டே போனேன்.

டாக்டருக்குக் குழப்பம். "போன தடவை இவ்வளவு நல்லா இருந்தீங்களே" என்று ரிப்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மஞ்சள் மாத்திரையின் அளவைக் கூட்டினார். இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். "தவறாமப் போடுங்க. மாசாமாசம் அளந்து பாத்து, இலக்கை எட்டலைன்னா மருந்தை மாத்திக்கிட்டே போவோம். சும்மா காத்திருக்க மாட்டேன்" என்றார்.

அவர் என்மேல் எடுத்துக்கொள்கிற அக்கறையைப் பார்க்க முடியாமல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

மறுபடி வெள்ளை மாத்திரை. மறுபடி எல்லாம் சரி.

மே 8, புதன்

அதே கதை. நிறுத்தினேன், வீங்கினேன், போனேன், "போடறேங்க" என்றேன்.

இலக்கியாவை மிஷினிலிருந்து எடுத்துவிட்டார்களாம். இப்போது பிசிறு வெட்டுகிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கேயும் கத்தரிக்கோலைப் பிடிக்கச் சிரமம். கத்தரிக்காய், முட்டை, தயிர் எல்லாவற்றையும் விட்டுவிட்டாளாம். அதெல்லாம் மூட்டுக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம்.

"உங்களுக்காச்சும் நடுவுல நல்லாயிருக்குதுக்கா" என்றாள். பொறாமை இல்லாமல் சொன்னாள்.

ஜூன் 12, புதன்

இன்று மறுபடி கைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் தொட்டுக் காட்டினார். வலது நடுவிரல் அடி முட்டி, எலும்பின் விளிம்பில் எறும்பு கடித்தது மாதிரி ஒரு பள்ளம். பக்கத்து விரலில் இன்னும் சின்னதாக ஒன்று.

"ஜனவரில இது இல்ல" என்றார். அவர் குரலே இறங்கிப்போயிருந்தது. "ரெண்டு மருந்து குடுத்தும் உங்களுக்குக் கேக்கலை. இதுக்கு மேல தள்ளக் கூடாது. புது ஊசி ஒண்ணு இருக்கு. ஆனா இந்தத் தடவை ஒருத்தருக்குப் போடற அளவுக்குத்தான் வந்திருக்கு. உங்களையும் இலக்கியாவையும் வெச்சு யோசிச்சேன். அந்தப் பொண்ணுக்கு இன்னும் எலும்புல அரிப்பு வரலை, உங்களுக்கு வந்துடுச்சு. அதனால உங்க பேரைக் குடுத்திருக்கேன். காசநோய் இல்லன்னு பாத்துட்டு இருபத்தாறாம் தேதி முதல் ஊசி."

நான் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

இந்த டைரியில்கூட இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து மஞ்சள் மாத்திரை ஒன்றுகூட என் தொண்டையில் இறங்கவில்லை. அவர் கொடுப்பார், வாயில் போடுவேன், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பேன், பாத்ரூமில் துப்புவேன். புதிதாகச் சேர்த்த மாத்திரை குப்பைக்குப் போனது. முடி கொட்டுகிறது என்று. குமட்டுகிறது என்று. கஸ்டமர் பார்ப்பார்கள் என்று. எந்த மருந்தும் எனக்குக் கேட்காமல் போகவில்லை. நான் எதையும் சாப்பிடவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இலக்கியா போன் செய்தாள். நர்ஸ் சொன்னாராம். "அக்கா, உங்களுக்கு ஊசி கிடைச்சிருச்சாமே! சீக்கிரம் நல்லாயிடும்க்கா. எனக்கு அடுத்த தடவை வரும்னு சொன்னாங்க."

"கை எப்படி இருக்குது?" என்றேன்.

"லீவுல இருக்கேன்க்கா. ஹாஸ்டல்ல சோறு பிசைய முடியல, ரூம் புள்ள ஊட்டி விடறா. சிரிப்பா வருது."

அவள் சிரிக்கவும் செய்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

அவர் மாத்திரையை நீட்டினார். நான் வாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கையை மடக்கவே இல்லை. மாத்திரை உள்ளங்கையிலேயே இருந்தது, வேர்வையில் மஞ்சள் சாயம் ஒட்டிக்கொண்டது.

"நான் எதுத்தாப்பலயே நின்னனே, வாணி" என்றார். "என்ற மூஞ்சியப் பாத்துட்டே..."

சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மூடிய கடைக்கு. இருட்டின பிறகுதான் வந்தார். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"டாக்டரம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஊசி வந்தது வந்ததாவே இருக்கட்டும். எலும்பு அரிச்சது பொய்யில்லையே. அந்தப் புள்ளைக்கு அடுத்த தடவை வரட்டும்."

அவர் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவர் இல்லை. எனக்காகச் சொல்கிறார். எனக்கு அதைக் கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

ஜூன் 23, ஞாயிறு

இன்று அவர் மாத்திரை எடுத்துத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 26, புதன்

ஊசி போட்டுக்கொள்ளத்தான் போனேன். சொல்ல வேண்டும் என்று போகவில்லை. இதில் பொய் எழுத வேண்டாம்.

நர்ஸ் குளிர்பெட்டியிலிருந்து ஊசி டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். குளிர் போக அரை மணி நேரம் வெளியே இருக்க வேண்டுமாம். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். "இல்லீங்க." ஜாக்கெட் கையை மேலே ஏற்றச் சொன்னார், பிறகு வேண்டாம் வயிற்றிலேயே போடலாம் என்றார். டப்பாமேல் ஆவி படிந்து, சின்னச் சின்னத் துளியாக இறங்கியது. எனக்கு இலக்கியா வாயைத் திறந்து சோறு வாங்குவதுதான் கண்ணுக்குள் வந்தது. அந்த ரூம் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். "ரெடியா?"

"டாக்டர், எனக்கு இது வேண்டாங்க."

"பயமா? கொசுக்கடி மாதிரிதான் இருக்கும்."

"நான் மார்ச்சுலேர்ந்து மஞ்சள் மாத்திரை போடவே இல்லீங்க."

சத்தம் வரவில்லை போலிருக்கிறது. மறுபடி சொல்லச் சொன்னார். வெள்ளை மாத்திரை, நிறுத்தி நிறுத்தி வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். என் முகத்தைப் பார்த்தார், கன்னத்தை, மேலுதட்டை. "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று தனக்கே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கோபம் வந்தது. நன்றாகவே வந்தது.

"நீங்க சொன்னதை நம்பித்தானே நான் ஒவ்வொரு மாசமும் முடிவெடுத்தேன்? அளவைக் கூட்டினேன், மருந்தைச் சேத்தேன், ஊசிக்கு எழுதினேன். எல்லாம் எதை வெச்சு? அந்தப் பொண்ணைப் பின்னாடி தள்ளினது எதை வெச்சு?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். கதவுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. வீக்கத்தை மறைச்சது, உள்ள நடக்கறதை நிறுத்தலை. திடீர்னு விட்டா உயிருக்கே ஆபத்து, நீங்க மாசாமாசம் அதைத்தான் செஞ்சிருக்கீங்க. இனி நான் எழுதித் தர்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். மஞ்சள் மாத்திரையை முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். குமட்டினா சொல்லுங்க, அதுக்கு வழி இருக்கு. முடி கொட்டினா சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க. சொல்லாததுக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்ல."

"இந்த விரலுங்க டாக்டர்?"

"அரிச்ச எலும்பு பழையபடி ஆகாது. மத்த மூட்டெல்லாம் இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஆரம்பத்துலயே பிடிச்சோம்னு சொன்னேன் இல்ல? அந்த அஞ்சு மாசம் போயிடுச்சு."

டப்பா குளிர்பெட்டிக்குத் திரும்பிப் போனது. இலக்கியாவுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லி நர்ஸ் போன் செய்தார்.

ஜூன் 28, வெள்ளி

இரவு இலக்கியா போன் செய்தாள். ஊசி போட்டாகிவிட்டதாம். அழுதுகொண்டே பேசினாள்.

"எனக்காக விட்டுக் குடுத்தீங்களாமேக்கா. வாணியம்மா வேண்டாம்னுட்டாங்க, உனக்குப் போடச் சொல்லிட்டாங்கன்னு நர்ஸு சொன்னாங்க. என் கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்கக்கா."

டாக்டர் சொல்லியிருக்க மாட்டார். நர்ஸ் நல்லபடியாகச் சொல்ல நினைத்து இப்படிச் சொல்லிவிட்டார்.

"உடம்பைப் பாத்துக்க" என்றேன்.

ஜூன் 29, சனி

சொல்லவில்லை. அவள் நன்றி சொன்னபோது நான் மறுக்கவில்லை.

ஜூலை 10, புதன்

இலக்கியா எனக்காக இரண்டு பனியன் துணி நைட்டி வாங்கி வந்திருந்தாள். ஒரே ஊசியில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. விரல் நுனிகளைக் கட்டைவிரலோடு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். "உங்களாலதான்க்கா."

கவரை வாங்கி மடியில் வைத்தேன். பிறகு திருப்பி அவள் மடியில் வைத்தேன். சொல்லிவிட்டேன். மெதுவாக, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காமல். அதிலும் ஒரு வெட்கம்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. "போடலையா? ஒண்ணுகூடவா?" என்றாள்.

"மார்ச்சுலேர்ந்து ஒண்ணுகூட இல்ல."

"அன்னிக்கு எனக்குத் தலை பின்னி விட்டீங்களே?"

"அப்பவும்தான். அந்த வெள்ளை மாத்திரைல கை வந்துச்சு."

வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க கையப் பாத்துட்டுப் போயி" என்று ஆரம்பித்தாள், "நான்தான்க்கா ஏதோ தப்புப் பண்றேன்னு நினைச்சேன். முட்டைய விட்டேன், தயிர விட்டேன். எங்க அம்மா போன்ல, அந்த அக்காவுக்குக் கேக்குது, உனக்கு மட்டும் ஏன் கேக்கல, நீ ஒழுங்கா போடறியான்னு திட்டுச்சு. நான் வாந்தி எடுத்துக்கிட்டே போட்டேன்க்கா. எங்க அம்மா என்னைத்தான் சந்தேகப்பட்டுச்சு."

மன்னிச்சுக்க என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா தெரியாது. கவரை எடுத்துக்கொண்டு எழுந்து போய், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சாயங்காலம் பஸ்ஸிலும் முன்பக்கம் போய் நின்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

மாத்திரை. நானே எடுத்துப் போட்டேன். முழுங்கினேன். அவர் கதவருகே நின்று பார்த்தார். நான் வாயைத் திறந்து காட்டினேன். "ச்சீ, எதுக்கு அதெல்லாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் காட்டும்வரை நின்றுதான் இருந்தார்.

ஜூலை 15, திங்கள்

குமட்டல். டாக்டர் கொடுத்த மாத்திரையில் கொஞ்சம் அடங்கியது. பரிமளாவைக் கூப்பிட்டு நோயின் பெயரைச் சொன்னேன். "தெரியுமுங்க்கா" என்றாள். "எங்க பெரியம்மாளுக்கு இருக்குது. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்." இனி புருவமெல்லாம் அவள்தான். நான் ஃபேஷியலும் முடி வெட்டுவதும். அவள்மேல் அன்றைக்கு எரிந்து விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது மறந்தே போயிருந்தது, அல்லது மறந்த மாதிரி இருந்தாள்.

ஆகஸ்ட் 3, சனி

வெள்ளை மாத்திரை குறையக் குறைய உடம்பெல்லாம் வலி. முகம் வடிகிறது. "என்னங்க வாணி, இளைச்சுக் கருத்துட்டீங்க?" என்றார் பேங்க் அம்மா.

"முடக்குவாதமுங்க. மருந்து சாப்பிடறேன்."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் திரும்பி என் கையைப் பார்த்தார். பிறகு, "என்ற நாத்தனாருக்கும் இருக்குது. எந்த டாக்டருங்க?" என்று கேட்டார். இதற்காகவா இவ்வளவும் செய்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இலக்கியா வந்திருந்தாள். கடைசிப் பெஞ்ச். நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

டாக்டர் எல்லா மூட்டையும் ஒன்று விடாமல் அமுக்கிப் பார்த்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டதற்கு மருந்து கேட்டிருக்கிறது. மணிக்கட்டில் மட்டும் லேசான வீக்கம்.

"இலக்குக்குப் பக்கத்துல வந்துட்டீங்க" என்றார். "தொட்டப்புறமும் அங்கேயே நிக்கணும். வருஷக்கணக்கா."

நடுவிரல் முழுதாக மடங்குவதில்லை. கேட்டேன். "இது இப்படியேதான் இருக்கும். இதுக்கு மேல போகாமப் பாத்துக்கலாம்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "இலக்கியாவுக்கு இப்ப எங்கயும் வீக்கம் இல்ல. உங்ககிட்டச் சொல்லலாம்னு அவளேதான் சொன்னா" என்றார்.

சிங்காநல்லூரில் பல்லடம் பஸ்ஸில் அவ்வளவாகக் கூட்டமில்லை. ஏறியபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடம் காலி. நான் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"எனக்கு இன்னும் கோவம் போகலைக்கா."

"தெரியும் சாமி."

"திரும்ப மிஷின்ல உக்கார வெச்சுட்டாங்க."

ஒண்டிப்புதூர் தாண்டியது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சூலூர் வந்ததும் எழுந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை தவறாமப் போடறேன் இலக்கியா" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கிட்டச் சொல்ல வேண்டாம்க்கா" என்றாள். "போடுங்க."